வங்கக் கடல் காற்றில் வினையின் துகள்

மார்கழியிலும் தையிலும் மரக்காணம் கரையில் நின்று மூச்சை இழுத்தால் கடலையே இழுத்ததாகத் தோன்றும். வாடை நேரே தண்ணீர் மேலிருந்து வருகிறது. எதிரே ஆலை இல்லை, சாலை இல்லை, அடுப்பு இல்லை. ஆனாலும் அந்தக் காற்று கடலில் பிறந்ததில்லை. கங்கைச் சமவெளியிலும் வங்கதேசத்திலும் தரையைத் தொட்டுக் கிளம்பி, பல நாள் வங்கக் கடலைக் கடந்து நம் கரைக்கு வந்து சேர்கிறது. வழியெல்லாம் யார் யாரோ எரித்ததைச் சுமந்துகொண்டு வருகிறது.

ஆறு மாதம் போனால் திசை மாறிவிடும். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் மேற்கே இருந்து அடிக்கும். அப்போது விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளைப் புகையும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் கந்தகமும், நெடுஞ்சாலை லாரிகளின் டீசல் கரியும் கடலை நோக்கிப் போகின்றன. ஒரு பருவத்தில் வாங்குகிறோம், மறு பருவத்தில் கொடுக்கிறோம்.

செய்தவர் ஓரிடம், சுமப்பவர் வேறிடம். அப்படியானால் அந்த வினை யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை தேட, மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. வினையைப் பற்றித் தமிழில் மிக நுட்பமாகச் சிந்தித்த மரபு ஒன்று இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. அதற்கு முன்பு, காற்றில் இருப்பது என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வுதான் இதைப் பெரிய அளவில் அளந்து காட்டியது. இண்டோயெக்ஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். அதை வழிநடத்திய இருவரில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் க்ரூட்சன். மற்றவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த தமிழர் வீரபத்ரன் ராமநாதன். இந்தியாவின் சாகர் கன்யா உள்ளிட்ட கப்பல்கள், விமானங்கள், செயற்கைக்கோள்கள், மாலத்தீவின் காஷிதூ தீவில் ஓர் ஆய்வு நிலையம் என்று எல்லாம் சேர்ந்து இயங்கின. நடுக்கடலில் அவர்கள் கண்டது பழுப்பு மூட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரம் வரை, தெற்காசியக் கரையிலிருந்து நிலநடுக்கோடு வரை அது பரந்து கிடந்தது.

காஷிதூவில் பிடித்த நுண்துகளை எடைவாரியாகப் பிரித்தார்கள். சல்பேட் 32 சதவீதம், கரிமச் சேர்மங்கள் 26, புகைக்கரி 14, மண்தூசி 10, அம்மோனியம் 8, நிலக்கரிச் சாம்பல் 5, பொட்டாசியம் 2. கடல் உப்பு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு அது. அலை உடையும்போது தெறிக்கும் உப்பு பெரும்பாலும் பருத்த துகளாக இருக்கும், சீக்கிரமே மீண்டும் தண்ணீரில் விழுந்துவிடும். நுரையீரலின் அடிவரை இறங்கக்கூடிய நுண்துகளில் பெரும்பகுதி கரையிலிருந்து வந்தது.

வங்கக் கடலை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தனியாகவே அளந்தது. 2006 மார்ச் முதல் மே வரை ஒரு பெரும் கப்பல் பயணம். பிறகு குளிர்காலக் காற்றுக்கென்றே 2008 டிசம்பர் முதல் 2009 ஜனவரி வரை இன்னொன்று. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் கப்பலில் காற்றைச் சலித்த வடிதாள்களில் படிந்ததைக் கரைத்துப் பார்த்தபோது, குளிர்காலத்தில் நீரில் கரையும் பங்கில் தரையிலிருந்து வந்த சல்பேட்டே மேலோங்கி நின்றது.

கடலுக்கும் சல்பேட் உண்டே, இது தரையுடையது என்று எப்படித் தெரியும்? மரக்காணத்தில் உப்புப் பாத்தி கட்டுகிறவர்களின் அனுபவத்துக்குப் பக்கத்திலேயே அந்த விடை இருக்கிறது. கடல்நீரைப் பாத்தியில் வெயிலில் விட்டால் உப்புக்கு முன்பே கால்சியம் சல்பேட்டான ஜிப்சம் அடியில் படியும். நீர் இன்னும் சுண்டிய பிறகுதான் உப்பு பூக்கும். கடைசியில் மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் மிஞ்சும். எந்தக் கடலில் எடுத்தாலும் கடல்நீரில் நான்கு பங்கு சோடியத்துக்கு ஒரு பங்கு சல்பேட் என்ற விகிதம் மாறுவதில்லை. ஆகவே காற்றில் பிடித்த துகளில் சோடியத்தை அளந்தால் கடல் தந்த சல்பேட் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் இருப்பதில் சிறு பங்கு கடல் பாசிகள் வெளிவிடும் கந்தக வாயுவிலிருந்து வருகிறது. மீதி பெரும்பாலும் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததால் வந்தது. அம்மோனியம் யூரியாவிலிருந்தும் கால்நடைச் சாணத்திலிருந்தும் வருகிறது. கடல் கணக்குக்கு மிஞ்சிய பொட்டாசியம் இருந்தால் எங்கோ விறகோ வைக்கோலோ எரிந்திருக்கிறது. அலுமினியமும் கால்சியமும் புழுதியின் கையொப்பம்.

இன்னொன்றும் நடக்கிறது. நிலக்கரிக் கந்தகம் காற்றில் கந்தக அமிலமாகி, கடலிலிருந்து எழுந்த உப்புத் துகளை வழியில் சந்திக்கிறது. துகளில் இருந்த குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளியேற, சோடியம் சல்பேட் மிஞ்சுகிறது. கரையின் செயல் கடலின் உப்பையே வேறு பொருளாக்கிவிடுகிறது.

கரியின் வயதைக்கூடக் கேட்க முடியும். உயிருள்ள செடியில் கார்பன்-14 இருக்கும். அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த நிலக்கரியில் மிச்சமே இருக்காது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஓர்யன் குஸ்டாஃப்சன் குழு, மாலத்தீவின் ஹனிமாதூவிலும் புணே அருகே சிங்ககட்டிலும் பிடித்த குளிர்காலப் புகைக்கரியை இப்படிச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டது. பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வறட்டி, பயிர்க்கழிவு போன்ற புதிய கரி. மீதி பெட்ரோலியமும் நிலக்கரியும். ஏழையின் அடுப்பும் பணக்காரரின் காரும் ஒரே துகள்கூட்டத்தில் போகின்றன.

இனி வினைக்கு வருவோம். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் ஒரு பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதே குன்றில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் இதே மாவட்டத்து மேல்சித்தாமூரில்தான். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரக் கிராமங்களில் அவர்கள் உழவர்களாக, நம் பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ்கிறார்கள். ஆரோவிலுக்குத் தத்துவம் தேடிக் கடல் கடந்து வருகிறவர்களில் பலருக்கு இந்த ஊர்களின் பெயர்கூடத் தெரியாமல் போவது பெரிய இழப்பு.

மற்ற இந்தியத் தரிசனங்கள் வினையை உயிரில் பதிந்த சுவடாகவோ, கண்ணுக்குப் படாத ஆற்றலாகவோ, கட்டிவைக்கும் மலமாகவோ பேசின. சமணம் இன்னும் ஒரு படி துணிந்தது. அதற்கு வினை என்பது பொருள். உலகம் முழுக்க நிறைந்த மிக நுண்ணிய துகள்கள், அதாவது புத்கலம். மனம், சொல், உடல் ஆகியவற்றின் ஒவ்வோர் அசைவும் அந்தத் துகள்களை உயிரை நோக்கி இழுக்கிறது. இதை ஊற்று என்கிறார்கள் தமிழ்ச் சமணர். ஒட்டிக்கொள்வது கட்டு, மேலும் வராமல் அடைப்பது செறிப்பு, ஒட்டியதை நீக்குவது உதிர்ப்பு. எல்லாம் முடிந்தால் வீடு. ஏன் ஒட்டுகிறது என்பதற்கு ஆசையும் சினமும் ஈரம்போல வேலை செய்கின்றன என்பது அவர்களின் பழைய விளக்கம்; ஈரத்துணியில் புழுதி படிவதைப்போல.

உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் கட்டு என்பதை நான்கு வகையில் விசாரிக்கச் சொல்கிறது. பிரகிருதி: ஒட்டியது எந்த இயல்புடையது? ஸ்திதி: எவ்வளவு காலம் இருக்கும்? அனுபாகம்: எவ்வளவு கடுமையாகப் பலன் தரும்? பிரதேசம்: அளவு எவ்வளவு? சாகர் கன்யாவில் வடிதாள் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் கேட்டதும் இதே நான்குதான். துகளின் வேதியியல் என்ன, காற்றில் எத்தனை நாள் தங்கும், வெயிலையும் நுரையீரலையும் எவ்வளவு பாதிக்கும், ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம். சமண முனிவர்கள் வளிமண்டல வேதியியலை முன்பே அறிந்திருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது அவர்களுக்கும் அறிவியலுக்கும் செய்யும் அநியாயம். அவர்கள் பேசியது உயிரைப் பற்றி. ஆனால் தீங்கைப் புலம்பலாக விடாமல், வகை, காலம், வீரியம், அளவு என்று எண்ணிப் பார்க்கவேண்டிய பொருளாக எடுத்துக்கொண்ட அந்த மனப்பழக்கம் நமக்கு இன்று தேவை. அறநூல் ஒன்று அளவைப் பற்றிக் கவலைப்படுவது அபூர்வம்.

அவர்களுக்குக் காற்றே உயிருள்ளது. நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்பது சமணக் கொள்கை. நெருப்பு மூட்டினால் அவற்றுக்குத் துன்பம் என்பதால்தான் துறவிகள் அடுப்பு பற்றவைப்பதில்லை. இதை நம்ப முடியாதவரும் ஒன்றை ஒத்துக்கொள்ளலாம்: காற்றைக் குப்பைத்தொட்டியாகப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. சமணத்தில் பாவம் மட்டுமல்ல, புண்ணியமும் வினைத்துகள்தான், அதுவும் கட்டத்தான் செய்யும். கடல்மேல் துகளும் நல்லது கெட்டது என்று எளிதில் பிரிவதில்லை. துகள் அறவே இல்லாத காற்றில் மேகத்துளி உருவாகாது. நீராவி ஒடுங்க ஒரு கரு வேண்டும். தரைப் புழுதியில் இரும்பு இருக்கிறது. நிலக்கரி தந்த அமிலம் அந்த இரும்பை இளக்கி நீரில் கரையும்படி செய்கிறது, அது கடலில் விழுந்தால் மிதவைப் பாசிக்கு உணவாகவும் ஆகலாம். புதுச்சேரியில் 1914 முதல் ஆர்யா இதழில் எழுதிய ஸ்ரீ அரவிந்தர் பருப்பொருளை உதறித் தள்ளவேண்டிய அழுக்காகப் பார்க்கவில்லை. அதிலும் தெய்வம் விரியக் காத்திருக்கிறது என்றார். சமணத்தின் எச்சரிக்கையோடு அரவிந்தரின் இந்த மரியாதையும் சேர வேண்டும். துகளைப் பகையாக்கிப் பேசினால் மழையையும் பகைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஓர் இடத்தில் பழைய கொள்கை நின்றுவிடுகிறது. செய்த வினையின் பயன் செய்தவரையே சேரும் என்பது சமணம், சைவம், பௌத்தம் மூன்றுக்கும் பொதுவான உறுதி. கடல்மேல் அப்படி இல்லை. புகைத்திரை தரைக்கும் கடலுக்கும் வரும் வெயிலைக் குறைக்கிறது என்றும், அதனால் கடல் ஆவியாவது குறைந்து பருவமழை தளரக்கூடும் என்றும் இண்டோயெக்ஸ் குழு எச்சரித்தது. வெயிலையே மூலதனமாகக் கொண்டவர் மரக்காணம் உப்பளத் தொழிலாளி. மழையை நம்பியவர் திண்டிவனத்து நிலக்கடலை விவசாயி. இருவரும் கங்கைக்கரை அனல்மின் நிலையத்தின் சுவிட்சைத் தொட்டதில்லை. அவர்கள் முற்பிறப்பில் செய்ததன் பயன் இது என்று சொல்லித் தப்பிக்க நினைப்பவர், அந்தக் கொள்கையைக் கண்டவர்களின் அறவுணர்வையே அவமதிக்கிறார். வினைக்கொள்கை தன் செயலைத் தானே சோதித்துக்கொள்ளப் பிறந்தது. அடுத்தவர் துயரத்துக்கு விளக்கம் எழுதுவதற்காக அல்ல.

எனவே கொள்கையை நீட்டிக்கத்தான் வேண்டும். வினை ஒட்டும் உயிர் ஒன்று, அதன் புகை ஒட்டும் உயிர்கள் பல. இரண்டையும் சேர்த்து எண்ணினால்தான் கொல்லாமை முழுமையாகும்.

உதிர்ப்பைப் பொறுத்தவரை இயற்கை நம்மிடம் மிகவும் இரக்கம் காட்டுகிறது. கரியமில வாயு வானில் ஏறினால் நூற்றாண்டுகள் தங்கும். துகள் அப்படி இல்லை, ஏறக்குறைய ஒரு வாரம்தான். ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். 2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு வந்து சில நாட்களிலேயே வட இந்தியாவின் வானில் துகள் அளவு இருபது ஆண்டில் இல்லாத அளவுக்குக் குறைந்ததை நாசாவின் செயற்கைக்கோள் காட்டியது. பழைய பாவம் என்று இந்தத் துகள் மூட்டத்தில் எதுவுமே சேர்ந்து கிடக்கவில்லை. இன்று மூட்டமாகத் தெரிவது சென்ற வாரம் நாம் எரித்தது. உதிர்ப்பு தானே நடக்கிறது, ஊற்றுதான் நிற்கவில்லை.

செறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஆரோவில் ஒரு கண்முன் சாட்சி. 1968 பிப்ரவரி 28-இல் 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டு ஊர் தொடங்கியபோது, அந்த மேடு செம்மண் பொட்டலாக இருந்தது. மழை பெய்தால் மண் கரைந்து ஓடைவழியே கடலைச் சிவக்க வைக்கும். கோடையில் அதுவே புழுதியாக எழும். வந்தவர்கள் முதலில் வரப்பு கட்டினார்கள், ஓடைகளில் தடுப்பணை போட்டார்கள், பிறகு இலட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். வேகமாக வளரும் அயல் மரங்களின் நிழலில் இந்தக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு இனங்களை மெல்ல மீட்டார்கள். பறந்த புழுதியைக் காற்றிலிருந்து திரும்பப் பிடிக்க யாரும் முயலவில்லை. மண் கிளம்பும் இடத்தைப் பிடித்தார்கள். ஊர் தனி ஒருவருக்கு உரியதாக இருக்கக் கூடாது என்பது ஆரோவில் சாசனத்தின் அடிப்படை. அந்தக் கருத்தைத் தியானத்தைவிட உண்மையாக நிறைவேற்றியது இந்த மண்வேலை என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் பயன் அந்த எல்லையோடு நிற்கவில்லை, சுற்றுக் கிராமங்களின் கிணற்றுக்கும் போனது. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக அங்கேயே மரங்கள் வெட்டப்பட்டு, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது வருத்தமான கதை. அரை நூற்றாண்டாக அடைத்த ஊற்றைத் திறக்க ஒரு புல்டோசர் போதும்.

ராமநாதனும் ஊற்றைத் தேடித்தான் போனார். அளந்து முடித்த பிறகு, உத்தரப் பிரதேசக் கிராமங்களில் புகையில்லா அடுப்புக்காகச் சூர்யா என்ற திட்டத்தைத் தொடங்கினார். 2004-இல் வத்திக்கானின் அறிவியல் கழகத்துக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், 2014-இல் போப் பிரான்சிஸைச் சில நிமிடம் சந்தித்தபோது, புவி சூடாவதில் மிகக் குறைந்த பங்குள்ள ஏழைகளே அதிகம் துன்பப்படப்போகிறார்கள் என்பதை எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு வந்த போப்பின் திருமடலில் அதே கவலை நடுநாயகமாக இருந்தது. புள்ளிவிவரம் மட்டும் மனிதரை அசைக்காது, மதங்கள் பேச வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்.

மதங்கள் தங்கள் புகையையும் பார்க்க வேண்டும். போகியன்று பழையன கழிப்பது நல்ல எண்ணம். ஆனால் டயரும் பிளாஸ்டிக்கும் தீயில் போய், 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. முற்றாக வெந்தது வெளுத்த நீறாகும். அதை நெற்றியில் இடுகிறோம். அரைகுறையாக எரிந்ததுதான் கரி. அது அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சில் போகிறது. கோயில் தீபமும் வேள்வியும் தரும் பங்கு நிலக்கரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதைச் சொல்லியே தீர வேண்டும். கந்தகத்தின் பெரிய ஊற்று அனல்மின் நிலையப் புகைபோக்கியில் இருக்கிறது.

அந்த ஊற்றுக்கு 2015 டிசம்பரில்தான் மத்திய அரசு முதன்முதலில் கந்தக வரம்பு விதித்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெருநகரங்களுக்கு அருகில் இல்லாத பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே தரப்பட்டது. சல்பேட் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் புவி சூட்டைக் கொஞ்சம் மறைக்கிறது, அதை அகற்றினால் வெப்பம் கூடும் என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று. அந்த அறிவியல் உண்மைதான். ஆனால் மறைந்த சூடு இல்லாமல் போன சூடு ஆகாது. ஒட்டியும் பலன் தராமல் கிடக்கும் வினையைச் சத்தை என்றும், எழுந்து பலன் தருவதை உதயம் என்றும் சமணர் பிரித்தார்கள்; சத்தையில் இருப்பதைக் கணக்கிலிருந்து யாரும் கழித்ததில்லை. வெயிலைக் குறைக்க மூச்சில் நஞ்சு கலப்பதை எந்த அறமும் ஏற்காது. புகைக்கரி வெயிலை உறிஞ்சிச் சூட்டைக் கூட்டும் துகள். அதையும் கரியமில வாயுவையும் சல்பேட்டோடு சேர்த்துக் குறைப்பதே சரியான வழி.

மேல்சித்தாமூர் மடமும், ஆரோவிலும், கடலோரக் கோயில்களும் பங்குத்தளங்களும் பள்ளிவாசல்களும் சேர்ந்து அரசிடம் இரண்டைக் கேட்க வேண்டும்: கந்தக விலக்கைத் திரும்பப் பெறுவது, ஏழை வீட்டுக்கு மறுசிலிண்டர் வாங்கக் கட்டுப்படியாகும் விலையில் எரிவாயு தருவது. படிப்பவர்கள் வருகிற போகியன்று தங்கள் தெருவில் டயரும் பிளாஸ்டிக்கும் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.